பாவுக்கு அடியில் சடுகுடு

தமுக்கடித்துக்கொண்டு வந்தவன் எங்கள் தெருமுனையில் நின்று, பொது இடத்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி நிற்கக் கூடாது என்று முதலில் தெலுங்கிலும் பிறகு தமிழிலும் சொன்னான். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாங்கள் ஏழு பேர். எனக்கு வந்த கோபத்தில் அவன் தமுக்கைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். அம்மா என் பின்னலைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அந்தத் தமுக்கு தப்பித்தது.

ஆந்திர ராஜ்யம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நகரி யாருக்கு, திருத்தணி யாருக்கு, சித்தூர் யாருக்கு என்று பெரியவர்கள் மாறி மாறிக் கூட்டம் போட்டார்கள். ஒருநாள் தமிழ்க் கொடி போகும், மறுநாள் தெலுங்குக் கொடி போகும். இரண்டு ஊர்வலமும் ஒரே நாளில் எதிரெதிரே வந்து செருப்பு பறந்த பிறகுதான் இந்த உத்தரவு. செருப்பு வீசியவர்கள் வேறு. தோப்பு பறிபோனது எங்களுக்கு.

அந்தத் தோப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். நகரியில் எங்கள் தெரு முழுக்க நெசவு வீடுகள். தெருக்கோடியில் ஒரு புளியந்தோப்பு. விடிந்தும் விடியாமலும் அங்கே தறிக்கான பாவு நூலை, நெடுக்காக ஓடும் இழைகளை, நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறியதும் பாவைச் சுருட்டிக்கொண்டு ஆண்கள் வீட்டுக்குப் போய்விட்டால், பள்ளி விட்டு வந்த பிறகு தோப்பு எங்களுடையது. கஞ்சி சிந்திச் சிந்தி இறுகிய தரை. விழுந்தால் முட்டி சிராய்க்கும், ஆனால் கால் வழுக்காது. சடுகுடுவுக்கு அதைவிட நல்ல தரையை நான் பிற்பாடு எங்கேயும் பார்க்கவில்லை.

ஏழு பேரில் நாலு பேர் தமிழ் வீடு, மூன்று பேர் தெலுங்கு வீடு. இதை அன்றைக்கு நாங்கள் எண்ணியதில்லை. பெரியவர்கள்தான் எண்ணிச் சொன்னார்கள். எங்களுக்குள் இருந்த பிரிவு வேறு: பிடிக்கத் தெரிந்தவர்கள், பாடிக்கொண்டு போகத் தெரிந்தவர்கள். தெலுங்கு வீட்டு நெட்டச்சி ஒருத்தி இருந்தாள். அவள் கை நீளத்துக்கு யாரும் தப்ப முடியாது. நான் பாடிப்போகிறவள். மூச்சு எனக்கு நன்றாக நிற்கும்.

உத்தரவு வந்ததில் என் அம்மாவுக்கு உள்ளுக்குள் நிம்மதி. அந்த வருஷம்தான் எனக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகும் நான் தோப்பில் உருண்டு புரண்டு வருவதைப் பற்றித் தெருவில் நாலு பேர் பேச ஆரம்பித்திருந்தார்கள். அம்மாவால் என்னை நிறுத்தவும் முடியவில்லை, பேசுகிறவர்களை நிறுத்தவும் முடியவில்லை. இப்போது சர்க்காரே அவளுக்காக நிறுத்திவிட்டது.

"தோப்பும் வாணாம் ஒண்ணும் வாணாம். ஆடணும்னா ஊட்டுக்குள்ளியே ஆடுங்கடி" என்றாள்.

"ஊட்டுக்குள்ள எங்கம்மா எடம்?"

"இருக்கற எடத்துல ஆடு. வெளிய சத்தம் மட்டும் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

நான் தறிக்கூடத்தில் ஆடுவேன் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். பல்லாங்குழியோ தாயமோ ஆடிக்கொண்டு மூலையில் கிடப்பேன் என்று நினைத்திருப்பாள். சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்வது என் வழக்கம். அதற்காக நான் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. ஆனாலும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று குழித்தறி. நெசவுக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்குத் தறியில் யாரும் உட்கார மாட்டார்கள். யார் எந்த ராஜ்யம் என்பதில் ஒத்துப்போகாத எங்கள் தெரு அமாவாசையில் மட்டும் ஒத்துப்போனது. தமிழ் வீட்டிலும் தறி நிற்கும், தெலுங்கு வீட்டிலும் நிற்கும். ஆண்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள், இல்லாவிட்டால் ஊர் நியாயம் பேசப் போவார்கள். கூடம் காலியாகக் கிடக்கும்.

காலி என்றால் முழுக்கக் காலி இல்லை. தறி நின்றாலும் பாவு அப்படியே கட்டித்தான் இருக்கும். நெய்கிறவர் உட்காரும் குழிக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் தொடங்கும் பாவு, எதிர்ச்சுவர்ப் பக்கம் போகப் போக மேலே ஏறி என் நெஞ்சு உயரத்துக்கு வரும். மூன்று தறியின் பாவும் அப்படி விரிந்து நிற்க, அதற்கு அடியில் ஒரு பெரிய கட்டிலின் அடிப்பக்கத்தைப் போல இடம் கிடைக்கும். அங்கேதான் ஆடினோம். குழிகளின்மேல் பலகையைப் போட்டு மூடினோம். கரித்துண்டால் நடுவே ஒரு கோடு. யார் தலையோ முதுகோ பாவில் பட்டாலும் அவுட். அந்த ஒரு சட்டம்தான் நாங்கள் புதிதாகப் போட்டது. ஆனால் அது ஆட்டத்தையே மாற்றிவிட்டது.

குனிந்தபடியே பாடிப்போக வேண்டும். பிடிக்கிறவர்களும் குந்தியபடியே நகர வேண்டும். தவளைகள் சண்டை போடுகிற மாதிரி இருக்கும் என்று நெட்டச்சி சிரிப்பாள். சிரித்து நிமிர்ந்தால் அவளும் அவுட். பாட்டையும் முணுமுணுப்பாகத்தான் பாடினோம், வெளியே கேட்கக் கூடாதே. ஏழு பேரையும் நாலும் மூன்றுமாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆள் மாறும்.

சடுகுடு மட்டும் இல்லை. கழிவு நூலைப் பந்தாகச் சுருட்டி, பாவுக்கு மேலே எறிந்து அந்தப் பக்கம் பிடிக்க வேண்டும். பலகை பலகையாக நொண்டியடித்துப் போய் வர வேண்டும். பழைய கயிற்றைப் பிடித்து, உட்கார்ந்தபடியே இழுபறி. நூல் சுற்றும் தார்க்குச்சிகளை வரிசையாக நட்டுவைத்து உருட்டிவிட்ட பந்தால் சாய்க்க வேண்டும். இன்றைக்கும் யாராவது, பிள்ளைகளை வீட்டுக்குள் எப்படி ஓடியாட வைப்பது என்று என்னிடம் கேட்டால் மளமளவென்று சொல்லிக்கொண்டே போவேன். அவ்வளவும் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததை நான் மறுக்கவில்லை.

அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். எங்களைப் பார்க்காத மாதிரிதான் இருப்பாள். ஒருநாள் நான் நெட்டச்சியின் இடுப்பைக் கட்டிப்பிடிக்க அவள் என்னை இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டிவிட்டாள். அப்போது கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் அம்மா சொன்னாள்: "இடுப்ப இன்னாத்துக்குடி புடிக்கிற? கணுக்கால புடி." பிறகு கீரைக்காம்பை ஒடித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "வேலையப் பாரு" என்று பதில் வந்தது.

நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், இது தெரிய வந்தது ஓர் அமாவாசையன்று, நியாயம் பேசப் போனவர் பாதியில் திரும்பியபோது. கூடத்து வாசலில் நின்று பார்த்தார். அவருடைய பாவுக்கு அடியில் ஏழு பெண்கள். அவர் மூன்று பாவையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தார். நெய்கிறவரின் கைக்கு அறுந்த இழை தப்பாது. கடைசிப் பாவையும் தடவி முடித்தவர் என்னைப் பார்த்து, "ஒண்ணும் அறுக்கலியே!" என்றார். திட்டுவதற்குக் காரணம் கிடைக்காத ஏமாற்றம் அவர் குரலில் இருந்தது.

அதே சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர், திருப்பதிக்காரம்மா, எங்கள் தெருவுக்கு வந்தார். சித்தூரில் பெண்கள் பள்ளிகளுக்கு விளையாட்டுப் போட்டி. எப்போதும் ஸ்கிப்பிங், வளையம் எறிதல் என்று ஒப்பேற்றுவார்கள். அந்த வருஷம் சடுகுடுவையும் சேர்த்திருந்தார்கள். அதில் ஜெயித்தால் திருப்பதியில் அடுத்த ஆட்டம். ஏழு பேர் வேண்டும் என்றார் டீச்சர். நான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். திருப்பதியை நான் நினைக்கவே இல்லை. கூரையில்லாத இடத்தில் ஆடலாம் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. சித்தூரில் ஜெயித்துவிட்டால் தோப்பையும் கேட்டு வாங்கிவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

சேதி பரவியதும் இரண்டு தரப்பும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. தமிழ்த் தரப்பில் கூட்டங்களுக்கு முன்னால் நடக்கும் ஜவுளிக் கடைக்காரர். தெலுங்குத் தரப்பில் பள்ளிக்கு அருகில் அரிசி மண்டி வைத்திருந்தவர்.

"நம்ம பொண்ணுங்க ஆந்திராக்காரன் பேர்ல போயி ஆடறதா? தமிழ்ப் பொண்ணுங்க தனியா ஆடட்டும்" என்றார் ஜவுளிக் கடைக்காரர்.

"எங்க பொண்ணுங்கள நாங்க தனியா அனுப்பறோம், மீக்கு எந்துக்கு?" என்றார் மண்டிக்காரர். உங்களுக்கு எதற்கு என்று கேட்கிற அளவுக்கு அவர்களுக்குள் பகை.

நாலு பேரை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது, மூன்று பேரை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது என்று இரண்டு பேருக்கும் கவலை இல்லை. ஆடாமல் போனால் ரொம்ப நல்லது. நான் கதவோரத்திலிருந்து, "ஏழு பேரும் சேந்துதான் போவோம்" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். பெரியவர்கள் பேசும்போது பெண்பிள்ளை குறுக்கே பேசியது ஒரு தனி வழக்காகிவிட்டது. நல்லவேளையாக அதில் இரண்டு தரப்பும் ஒன்றுசேர்ந்து என்னைத் திட்டியது.

நைனாவுக்கு வாய்ச் சண்டை பிடிக்காது. எல்லாவற்றையும் தறியை வைத்தே தீர்க்கப் பார்ப்பார். "வர்ற அமாவாசைக்கு எல்லாரும் இங்க வாங்க. பொண்ணுங்க ஆடட்டும். ஒரு இழை அறுந்தாலும் சித்தூரு கெடையாது. அறுக்காம ஆடினா ஏழு பேரும் போவட்டும்" என்றார். அவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். பாவுக்கு அடியில் ஏழு பேர் உருண்டால் இழை அறுந்துபோகாமல் இருக்குமா என்ற தைரியம்.

அந்த அமாவாசையன்று எங்கள் கூடத்தில் நடந்தது, நான் அறிந்த வரையில், அந்த வருஷம் இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்த ஒரே கூட்டம். ஒரு சுவரோரம் தமிழ்க்காரர்கள், எதிர்ச்சுவரோரம் தெலுங்குக்காரர்கள், பாவு உயர்ந்து நிற்கும் பக்கமாக உட்கார்ந்ததால் தலைக்கு மேல் பாவு. வீட்டுக்குள் கூடுவதற்குத் தடை இல்லையே. அம்மா எல்லாருக்கும் மோர் கொடுத்தாள்.

நாங்கள் ஆடினோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முணுமுணுவென்று பாடி, தவழ்ந்து, உருண்டு, ஒருத்தியை ஒருத்தி இழுத்து ஆடினோம். ஒரு இழை அசையவில்லை. முதலில் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் ஆட்டத்துக்குள் இறங்கிவிட்டார்கள். "புடி, புடி" என்று ஒரு சுவர், அதையே தெலுங்கில் "பட்டு, பட்டு" என்று எதிர்ச்சுவர். நான் மூன்று பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, நெட்டச்சியின் கைக்கு அடியில் புகுந்து, விரல் நுனியால் கோட்டைத் தொட்டேன். ஜவுளிக் கடைக்காரர் ஆவேசம் வந்த மாதிரி கைதட்டிக்கொண்டு துள்ளி எழுந்தார். அவர் தலை பாவுக்குள் போனது. படபடவென்று இழைகள் அறுந்தன. மண்டிக்காரர் பதறிப்போய், "ஐயோ, பாவு!" என்று எழுந்தார். அவர் தலை அடுத்த பாவுக்குள் போனது.

இரண்டு பேரும் தலையில் நூலோடு நின்றார்கள். நைனா மெதுவாக எழுந்து வந்து ஒவ்வொரு இழையாக அவர்கள் தலையிலிருந்து எடுத்தார். "ஆடுனவங்க அறுக்கல. பாத்தவங்கதான் அறுத்தீங்க" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து இழைகளைப் பிணைத்தார். நானும் கூட உட்கார்ந்து பிணைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அறுந்த இழை பிணைத்ததில்லை.

சித்தூருக்கு டீச்சரோடு பஸ்ஸில் போனோம். மைதானம் எங்கள் தோப்பைப்போல இரண்டு மடங்கு இருக்கும். சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். மேலே வானம். சுற்றிலும் ஜனம், மதில்மேல் பையன்கள். எதிரணி சித்தூர்ப் பெண்கள். தினமும் பள்ளி மைதானத்தில் ஆடுகிறவர்கள். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி, அரைப் பாவாடையில் நின்றார்கள்.

முதலில் நான் பாடிப்போனேன். கோட்டைத் தாண்டியதும் என் முதுகு தானாக வளைந்தது. நான் வளைக்கவில்லை. அதுவாகவே வளைந்தது. மதில்மேலிருந்து சிரிப்பு கேட்டது. "லே, லே!" என்று தெலுங்கிலும், "எழுந்துருடி!" என்று தமிழிலும் கத்தினார்கள். எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் தலைக்கு மேல் பாவு இருக்கிறது என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது. பாடியபடி ஒருத்தியின் காலைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். வரும்போதே நடுவர் ஊதினார். நான் அவுட்.

ஏன் என்று டீச்சர் போய்க் கேட்டார். "பாட்டே கேட்கவில்லை. மூச்சு விட்டாளா இல்லையா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்றார் நடுவர். நான் மூச்சு விடவில்லை. பாடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் முணுமுணுப்பாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவுக்கு.

எங்கள் ஏழு பேருக்கும் அதே கதி. வாயைத் திறந்தால் கிசுகிசுப்புதான் வந்தது. அடுத்து அவர்களில் ஒருத்தி எங்கள் பக்கம் பாடி வந்தாள். மற்ற ஆறு பேரும் குந்தியபடி காத்திருந்தார்கள். நெட்டச்சி கையை நீட்டி வழியை அடைத்தாள். அந்தப் பெண் ஓர் எட்டு பின்னால் போய், ஓடிவந்து, நெட்டச்சியின் தலைக்கு மேல் தாண்டிப் போய்விட்டாள். கோட்டுக்கு வெளியே இருந்த என்னோடு சேர்த்து ஏழு பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாவுக்கு அடியில் யாரும் துள்ள முடியாது. எங்கள் ஆட்டத்தில் துள்ளல் என்ற ஒன்றே கிடையாது. மனுஷி மேலே போவாள் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

தோற்றோம். படுதோல்வி. ஆட்டம் முடிகிற சமயத்தில் நெட்டச்சி மட்டும் ஒருமுறை நிமிர்ந்து நின்றாள். நின்றதும் இரண்டு பேரை ஒரே வீச்சில் தொட்டுவிட்டு வந்தாள். அப்போது நேரம் முடிந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் முட்டிச் சிராய்ப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீச்சர் நல்லவர். எங்களைத் தேற்ற நினைத்து, பக்கத்தில் இருந்த ஒரு பிரயாணி அம்மாளிடம், "பாவம், ஊட்டுக்குள்ள ஆடிப் பழகின பிள்ளைங்க. இவ்ளோ ஆடினதே பெருசு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தோற்றதைவிட அந்தப் பாவம் என்ற வார்த்தைதான் எரிந்தது. எனக்கு மூச்சு இல்லையா? நெட்டச்சிக்குக் கை இல்லையா? எங்களிடம் இல்லாதது ஒன்றுதான். நிமிர்ந்து நிற்கவும் கத்தவும் ஓர் இடம். இருந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, கொடுத்த இடத்தில் நன்றாக ஆடுகிறாய் என்று முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, முதுகு வளைந்துவிட்டதே பாவம் என்றால் என்ன நியாயம்?

நெட்டச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நின்னுக்கினு ஆடினா ஜெயிச்சிருப்போம் இல்ல, காதா?"

"ஆமா" என்றேன். "இனிமே நின்னுக்கினுதான் ஆடறோம்."

ஊரில் தமிழ்த் தரப்பு, தெலுங்குப் பெண்களால் தோற்றோம் என்றது. தெலுங்குத் தரப்பு, தமிழ்ப் பெண்களால் தோற்றோம் என்றது. இதில் வியக்க ஒன்றும் இல்லை. நைனா மட்டும், "போனா போவுது, நம்ம கூடம் கீது, ஆடுங்க" என்றார். வேண்டாம் நைனா, தோப்புக்குப் போகிறோம் என்றேன். உங்கம்மாவைக் கேள் என்று தறியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவிடம் நான் கேட்கவில்லை. சொன்னேன்.

"வர்ற அமாவாசைக்குத் தோப்புல ஆடப் போறோம்."

"ஊட்டுல ஆடாதன்னு யாருடி சொன்னது?"

"ஊட்டுல ஆடித்தான் கூனு உழுந்துடுச்சி. நீ பாக்கலியே. எல்லாரும் சிரிச்சாங்க."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. தெருவுல நாலு பேரு பேசறது ஒனக்குத் தெரியுமா? போலீசுக்காரன் புடிச்சிக்கினு போனா நான் எங்க போயி நிப்பேன்?"

"தோப்புல வந்து நில்லு" என்றேன்.

கையிலிருந்த கரண்டி பறந்து வந்தது. குனியப் பழகிய உடம்பு, அதனால் தப்பித்தேன்.

ஆட்டக் கோட்டையும் ராஜ்ய எல்லைக் கோட்டையும் ஒப்பிட்டு யாராவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேடை போட்டுப் பேசியவர்கள் எல்லாரும் அந்த ஒப்பீட்டை அரைத்துத் தீர்த்துவிட்டார்கள். நானும் என் ஆயுளில் ஒரே ஒருமுறை அதைச் செய்தேன். அது அந்த அமாவாசையன்று காலையில்.

தோப்பு வெறிச்சென்று இருந்தது. அமாவாசைக்குப் பாவு போடுவதும் கிடையாது. நான் குதிகாலால் கோடு கிழித்தேன். நாலு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் ஒரு பக்கம், எப்போதும்போல் கலந்துதான். நெட்டச்சி மூன்று பேர் பக்கம். முதலில் ஒருத்திக்கும் குரல் வரவில்லை. நெட்டச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சடுகுடு" என்று ஒரு கத்தல் கத்தினாள். புளியமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. அதற்குப் பிறகு எங்களுக்கும் வந்துவிட்டது. துள்ளிப் பார்த்தோம். ஒருத்தி தலைக்கு மேல் ஒருத்தி தாண்டி மல்லாக்க விழுந்தோம். தெருவே கேட்கும்படி கத்தினோம்.

தெரு கேட்டது. முதலில் அம்மா வந்தாள். கை முழுக்க வடை மாவு. முகத்தைப் பார்த்ததுமே, இன்றைக்குத் தோல் உரியும் என்று தெரிந்துவிட்டது. அவள் தோப்புக்குள் கால் வைக்கும்போதே மறுபக்கத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எத்தன பேருமா நீங்க?"

"ஏழு பேரு" என்றேன். ஓடிவிடலாமா என்று மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"அஞ்சு பேரு கூடக் கூடாதுன்னு தமுக்கு போட்டது தெரியாதா? நடங்க, நடங்க. பெரிய பொண்ணுங்க மாதிரி இருக்கீங்க, புத்தி இல்ல?"

எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று இன்றுவரை தெரியாது. "அஞ்சு பேரு எங்க கீறோம்? இந்தப் பக்கம் நாலு பேரு. அந்தப் பக்கம் மூணு பேரு. நடுவுல கோடு போட்டிருக்குது பாருங்க."

அவர் கோட்டைப் பார்த்தார். "இன்னா, விளையாடறியா?"

"ஆமா, வெளையாடறோம். கோடு போட்டா அந்தப் பக்கம் வேற, இந்தப் பக்கம் வேறன்னு நீங்கதான சொல்றீங்க? எங்களையும் அப்படியே எண்ணுங்க."

அவர் வாய் திறப்பதற்குள் அம்மா என் அருகே வந்துவிட்டாள். மாவுக் கையால் என் காதைப் பிடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கை வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் போலீஸ்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா நீங்க? உங்க பொண்ணா? இட்டுக்கினு போங்க" என்றார் அவர்.

அம்மா எங்கள் பக்கத்தை எண்ணினாள். எதிர்ப் பக்கத்தை எண்ணினாள். மாவை முந்தானையில் துடைத்தாள். பிறகு கோட்டைத் தாண்டிப் போய் நெட்டச்சிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இப்ப அந்தப் பக்கமும் நாலு பேரு, இந்தப் பக்கமும் நாலு பேரு. சரியா எண்ணிக்கோங்க" என்றாள்.

போலீஸ்காரர் தெருப் பக்கம் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, இன்னும் தூரத்தில் போய் நின்று பீடி பற்றவைத்தார். மரத்துக்கு இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்பதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக் குந்தினாள். சொல்லிக்கொடுத்து வருகிற குந்தல் இல்லை அது.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? வா" என்றாள். நான் வாய்க்குள் ஆரம்பித்தேன். "கேக்கல. சத்தமா பாடுடி!"

நான் நிமிர்ந்து நின்றேன். தொண்டை கிழியப் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். நெட்டச்சியின் கைக்குத் தப்பித் துள்ளித் திரும்பும்போது, மாவு ஒட்டிய கை ஒன்று என் கணுக்காலைப் பிடித்தது. எவ்வளவு உதறியும் விடவில்லை.